புதிய பாட் இ-சிகரெட்டுக்கு மாறலாமா? வளைகுடாவில் இருக்கும் குமரி மாவட்டத்தவருக்கு ஒரு முழு வழிகாட்டி

துபாயிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் நம் மாவட்டத்து இளைஞர்கள் சிலர், ஊருக்கு வரும் நாள் நெருங்கும்போது என்னிடம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “அண்ணே, கையில் இருக்கும் பாட் பழசாகிவிட்டது. புது மாடல் வந்திருக்கிறது. மாற்றலாமா?” பாட் என்பது நிகோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் சிறிய இ-சிகரெட்; அதில் மாட்டும் திரவக் கூட்டையும் பாட் என்றே சொல்வார்கள். தக்கலைப் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். இ-சிகரெட் விற்பதில்லை, இந்தியாவில் யாரும் விற்கக் கூடாது. ஆனால் புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோட்டின் கம் விற்கிறேன். அதை வாங்க வருகிறவர்கள் கையில் எந்தக் கருவி இருந்தது, அது அவர்களை எந்த அளவுக்குப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன்.

அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மாடலின் படத்தையும் பட்டியலிட்ட வசதிகளையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம் நிகோட்டினை நீங்கள் ஆவியாக்குகிறீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால் மற்ற கேள்விகள் பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும்.

முதல் படி: இருக்கும் நாட்டின் சட்டம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறவருக்கு விடை சுருக்கமானது. வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“நான் விற்கவில்லை, ஒன்றே ஒன்று சொந்த உபயோகத்துக்கு” என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நம்பிப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது இறக்குமதிதான். ஒன்று என்றாலும் இறக்குமதிதான். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கும்போது கைப்பையில் இருந்தாலும் செக்-இன் பெட்டியில் இருந்தாலும் சுங்கத்துறை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விசாரணையும் வரலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் விடுமுறையின் முதல் நாளை அந்த மேசையின் முன்னால் கழிப்பதற்கு எந்தக் கருவியும் தகுதியானதில்லை.

வளைகுடா முழுவதும் ஒரே சட்டம் என்று நினைப்பதும் தவறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட விற்பனைக்கு அனுமதி உண்டு. சவுதி, பஹ்ரைன், குவைத்திலும் கடைகளில் கிடைக்கும். கத்தாரில் தடை. ஓமானில் விற்பனைக்குத் தடை. சிங்கப்பூரில் வைத்திருந்தாலே குற்றம். ஒரு நாட்டில் வேலை பார்த்துவிட்டு வேறு நாட்டு விமான நிலையம் வழியாக ஊருக்கு வருகிறவர்கள் இடையில் இறங்கும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும்.

உள்ளூரில் இன்ஸ்டாகிராம் வழியாகவோ தெரிந்த பையன் மூலமாகவோ கிடைப்பது வேறு சங்கதி. அது கடத்தல் சரக்கு. பெட்டியில் அச்சடித்த நிகோட்டின் அளவு உண்மையா, உள்ளே இருக்கும் திரவம் எங்கே நிரப்பியது என்று சொல்ல ஆளில்லை. 2019-லும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்போடு 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாவின் வேதிப்பொருள் கலந்த, கள்ளச் சந்தைத் திரவங்கள். அவற்றைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்தான் முக்கியக் காரணம் என்று கண்டறியப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத திரவத்தை நுரையீரலுக்குள் இழுப்பதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே இனி வரும் படிகள், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருக்கும், ஏற்கெனவே பாட் பயன்படுத்தும், பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு. இதுவரை தொடாதவருக்கு இதில் ஒரு படியும் தேவையில்லை. தொடங்காமல் இருப்பதே போதும்.

இரண்டாம் படி: மாற்றத் தோன்றும் காரணம்

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். “சார்ஜ் நிற்பதில்லை”, “ஒழுகுகிறது”, “கருகிய வாடை வருகிறது”, “முன்பு போல ஏறுவதில்லை”, “ரூமில் எல்லோரும் புதிது வாங்கிவிட்டார்கள்”. இவற்றில் முதல் மூன்றும் கருவியின் பழுது. நான்காவது உடம்பு கேட்கும் அளவு கூடிவிட்டது என்பதற்கான அடையாளம். ஐந்தாவதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அதைத் தாளில் எழுதிப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

நான்காவது காரணத்தை எழுதியவர்கள் கடைக்குப் போகாமல் நேராக நான்காம் படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: கையில் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள்

பழுது என்று நினைப்பதில் பாதி, பாடை மாற்றினாலோ துடைத்தாலோ தீர்ந்துவிடும். பாடைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். புதிதாக நிரப்பியபோது தண்ணீர் போலவோ இளம் மஞ்சளாகவோ இருந்த திரவம் இப்போது கட்டன் சாயா நிறத்துக்கு வந்திருக்கும். அடிப்பக்கத்தில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். அவற்றைச் சுற்றிப் பிசுபிசுப்பான பழுப்புப் படலம் இருக்கும். நடுவிலுள்ள துளை வழியாகப் பார்த்தால் காயிலை, அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளைச் சுற்றியிருக்கும் பஞ்சு தெரியும். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு கறுத்திருந்தால் அந்தக் காயிலின் ஆயுள் முடிந்துவிட்டது. இனிப்புச் சுவை கூடுதலான திரவங்களில் இது விரைவாக வரும். சேர்க்கப்பட்ட இனிப்பூட்டி சூட்டில் கருகிக் காயிலில் ஒட்டிக்கொள்வதே காரணம்.

கருகிய வாடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பஞ்சு காய்ந்த நிலையில் காயில் சூடானால் திரவத்திலுள்ள புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் நச்சுப் பொருட்கள் உருவாகின்றன. அந்த வாடை வந்த நொடியே நிறுத்துங்கள். “இன்னும் கொஞ்சம் இருக்கிறது, தீர்த்துவிடுவோம்” என்று இழுக்காதீர்கள். புதுப் பாடில் திரவம் நிரப்பினால் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். பஞ்சு முழுவதும் நனைய அந்த நேரம் வேண்டும். நிரப்பியவுடன் இழுப்பதால்தான் பல காயில்கள் முதல் நாளே கருகுகின்றன.

ஒழுகல் என்று சொல்வதில் பெரும்பகுதி ஆவி குளிர்ந்து படிந்த ஈரம். உலர்ந்த துணியால் பாடின் அடிப்புறத்தையும் கருவியின் குழியையும் துடைத்தால் நின்றுவிடும். துடைத்த பிறகும் மறுநாளே தேங்கினால் பாடின் கசிவுத் தடுப்பு போய்விட்டது. பாடை மட்டும் மாற்றினால் போதும்.

பேட்டரி விஷயம் அப்படியில்லை. அதில் சமாதானம் வேண்டாம். கருவியின் பக்கவாட்டு லேசாக உப்பியிருந்தாலோ, சார்ஜ் ஏறும்போது கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டாலோ, பொத்தானை அழுத்தாமலும் வாயில் வைக்காமலும் தானாகவே சூடாகத் தொடங்கினாலோ, உடனே அதை நிறுத்திவிட வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் எட்டுப் பேர் படுக்கும் அறையில் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சில நூறு முறை சார்ஜ் ஏற்றிய பிறகு பேட்டரியின் கொள்ளளவு குறைவது இயல்பு. காலையில் ஏற்றியது மதியமே தீர்கிறது என்பது பழுது. காலையில் ஏற்றியது இரவு வரை வரவில்லை, ஆனால் இப்போது அதிகமாக இழுக்கிறேன் என்பது பழுதில்லை. இந்த வித்தியாசத்தை நேர்மையாகப் பாருங்கள்.

நான்காம் படி: நிகோட்டின் கணக்கு

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து இங்கே நின்று ஒரு பேனாவை எடுங்கள்.

திரவத்தின் குப்பியிலோ பாட் பெட்டியிலோ நிகோட்டினின் அளவு அச்சடித்திருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், அல்லது 2 சதவீதம் என்று இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 5 சதவீதம் என்றால் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமை ஒட்டியது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் 20-க்கு மேல் அனுமதிப்பதில்லை. இந்த எண்ணை நீங்கள் ஒரு நாளில் தீர்க்கும் மில்லிலிட்டரால் பெருக்குங்கள். வருவதுதான் உங்கள் ஒரு நாள் அளவு.

ஓர் உதாரணம். பழைய மூடிய பாடில் (நாமே நிரப்ப முடியாதது) 2 மில்லி திரவம், அடர்த்தி 20, அதாவது மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். அது உங்களுக்கு இரண்டு நாள் வருகிறது. ஒரு நாளைக்கு 1 மில்லி. ஆகவே 20 மில்லிகிராம். இப்போது 0.6 ஓம் மின்தடையுள்ள மெஷ் (கம்பிவலை) காயிலும் 25 வாட் வரை போகும் சக்தியும் கொண்ட புதுக் கருவிக்கு மாறுகிறீர்கள். ஓம் எண் குறையக் குறைய மின்சாரம் கூடுதலாகப் பாயும். காயில் அதிகம் சூடாகும். ஒரே இழுப்பில் ஆவியாகும் திரவமும் கூடும். அதே நபர் அதே எண்ணிக்கையில் இழுத்தாலும் நாளைக்கு 3 அல்லது 4 மில்லி தீர்வது சாதாரணம். அடர்த்தி 20 ஆகவே இருந்தால் 4 மில்லிக்கு 80 மில்லிகிராம். பழையதைப் போல நான்கு மடங்கு. கருவியை மாற்றினீர்கள், பழக்கத்தை நான்கு மடங்காக்கிவிட்டீர்கள். அட்டைப்பெட்டியில் இதை யாரும் அச்சடித்திருக்க மாட்டார்கள்.

ஆவியாகும் நிகோட்டின் முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை. ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஆகவே மேலே வந்த எண்ணைச் சிகரெட் எண்ணிக்கையாக மாற்ற முயல வேண்டாம். அது உங்கள் பழைய கருவியையும் புதிய கருவியையும் ஒப்பிடுவதற்கான அளவுகோல். அந்த வேலைக்கு அது போதும்.

நிகோட்டின் சால்ட் என்ற சொல் பெட்டியில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பழைய வகைத் திரவத்தில் நிகோட்டின் காரத்தன்மையோடு இருந்ததால் அடர்த்தி ஏறினால் தொண்டை கரகரக்கும், இருமல் வரும். உடம்பே “போதும்” என்று சொல்லும். பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து உப்பாக்கும்போது அந்தக் கரகரப்பு மறைந்துவிடுகிறது. 2015-ல் அமெரிக்காவில் ஜூல் என்ற கருவி இந்த முறையோடு வந்த பிறகுதான் பாட் வகை உலகம் முழுவதும் பரவியது. “புதுசு ரொம்ப ஸ்மூத்தாக இருக்கிறது அண்ணே” என்று சொல்கிறார்கள். தொண்டை தடுக்காமல் விடுவதால் கூடுதல் அளவு உள்ளே போகிறது என்பதே அதன் பொருள்.

அடர்த்தியைக் குறைத்து வாங்கினால் தப்பித்துவிடலாமா? ஓரளவு. மேலே சொன்ன புதுக் கருவியில் 6 அடர்த்தித் திரவம் ஊற்றினால் 4 மில்லிக்கு 24 மில்லிகிராம். பழைய அளவை ஒட்டி வந்துவிடும். ஆனால் நிகோட்டின் குறைந்தால் உடம்பு இழுப்பைக் கூட்டி ஈடுகட்டும். ஆழமாக இழுக்க வைக்கும். அதனால் குறைந்த அடர்த்திக்கு மாறிய முதல் இரண்டு வாரம் தினமும் எத்தனை மில்லி தீர்கிறது என்று குறித்து வையுங்கள். 4 என்பது 7 ஆகிவிட்டால் ஒன்றும் குறையவில்லை.

இருபதாயிரம் இழுப்பு என்று எழுதிய பெரிய டிஸ்போசபிள்களை, அதாவது தீர்ந்ததும் எறிந்துவிடும் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்த எண், இயந்திரம் சிறிய இழுப்பாக இழுத்து எடுத்தது. அதை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் திரவத்தைப் பாருங்கள். 20 மில்லி இருந்து அடர்த்தி 50 என்றால் ஒரே கருவியில் 1,000 மில்லிகிராம் நிகோட்டின். பாட் தீர்ந்தால் எழுந்து போய் மாற்ற வேண்டும் என்ற சின்னத் தடைகூட இதில் கிடையாது. படுக்கையில், கழிப்பறையில், வேலைக்கு நடுவில் என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள். பாடிலிருந்து இதற்கு மாறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் கலைந்து எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு? அரை மணிக்குள் என்றால் பிடி பலமானது. கருவி எதுவாக இருந்தாலும் அடிமைத்தனம் அங்கேதான் இருக்கிறது. நிகோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரமே ஆகும். இரவு முழுக்க இல்லாமல் இருந்த உடம்பு காலையில் முதலில் அதைத்தான் கேட்கிறது.

ஐந்தாம் படி: செலவு

இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. கருவி ஒரு முறைச் செலவு. பாடும் திரவமும் மாதச் செலவு. புதுக் கருவிக்குப் பழைய பாட் பொருந்தாது என்பதையே நிறுவனங்கள் வியாபாரமாக வைத்திருக்கின்றன. அமீரகத்தில் 2019 டிசம்பரிலிருந்து கருவிக்கும் திரவத்துக்கும் 100 சதவீத எக்சைஸ் வரி உண்டு. புது மாடலில் நாளைக்கு எத்தனை மில்லி தீரும் என்று நான்காம் படியில் கணக்கிட்டதை முப்பதால் பெருக்கி, குப்பி விலையில் வைத்துப் பாருங்கள். அந்தத் தொகையை ஊருக்கு அனுப்பும் பணத்துக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: முடிவு

கருவியில் மெய்யான பழுது இருந்து, பேட்டரி ஆபத்தாகிவிட்டதென்றால், அதே சக்தியும் அதே ஓமும் உள்ள, அனுமதி பெற்ற கடையில் கிடைக்கும் கருவியாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். கூடுதல் வாட், பெரிய காயில், பெரிய கொள்ளளவு எதுவும் வேண்டாம். நிரப்பக்கூடிய பாட் என்றால் அடர்த்தியைப் படிப்படியாகக் குறைக்க வசதி உண்டு. மூடிய பாடில் நிறுவனம் விற்கும் அளவுகளோடு நின்றுவிட வேண்டியதுதான். இந்த ஒரு காரணத்துக்காக மூடிய வகையிலிருந்து நிரப்பும் வகைக்கு மாறுவதை நான் ஏற்றுக்கொள்வேன். அதுவும் 10, 6, 3 என்று இறங்குவதற்கான திட்டம் கையில் இருந்தால்.

சிகரெட்டும் பாடும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்கள் புதுப் பாடுக்குப் பணம் போட வேண்டாம். வெளியே சிகரெட், உள்ளே பாட் என்று இரண்டும் நடந்தால் சிகரெட்டின் தீங்கு அப்படியே இருக்கும். நிகோட்டின் மட்டும் கூடும். ஒரு தரப்பை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: சிகரெட்டை விடுவதற்காக நிகோட்டின் உள்ள இ-சிகரெட்டைப் பயன்படுத்தியவர்களில், கம்மும் தோலில் ஒட்டும் பேட்சும் பயன்படுத்தியவர்களைவிடக் கூடுதலானோர் சிகரெட்டை விட்டிருக்கிறார்கள் என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. பிரிட்டனில் மருத்துவர்களே அதைப் பரிந்துரைக்கிறார்கள். எரியும் புகையிலையின் தார் இதில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பலன் சிகரெட்டை முழுவதும் விட்டவருக்கு. அவரும் அங்கேயே தங்கிவிடாமல் அடுத்த படியில் இதையும் விட வேண்டும். நிகோட்டின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது. சூடாகும் காயிலிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் ஆவியில் கலப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் ஸ்டென்ட் வைத்த குடும்பத்துப் பையன் இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகக் கூடாது.

“முன்பு போல ஏறுவதில்லை” என்று எழுதியவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். மாற்றாதீர்கள். புதுக் கருவி அந்தக் குறையைச் சில வாரம் தீர்க்கும். பிறகு அதே வரியை இன்னொரு முறை எழுதுவீர்கள். அப்போது உங்கள் ஒரு நாள் எண் இன்னும் பெரிதாகியிருக்கும்.

ஏழாம் படி: ஊருக்கு வரும் தேதியை விடும் தேதியாக்குங்கள்

கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது என்பதை எல்லோரும் தொல்லையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது கையில் கிடைக்கும் பெரிய வாய்ப்பாகத் தெரிகிறது. விட வேண்டும் என்று நினைக்கிறவருக்கு நாள் குறிப்பதுதான் கடினம். உங்களுக்கோ விமான டிக்கெட்டிலேயே நாள் அச்சாகி வந்துவிடுகிறது.

நடப்பதைச் சொல்கிறேன். பாடை ரூமிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். இறங்கிய மறுநாள் மாலை, பழைய கூட்டாளிகளோடு டீக்கடையில் நிற்கிறார்கள். கை பரபரக்கிறது. பக்கத்துப் பெட்டிக்கடையில் சிகரெட் கிடைக்கிறது. “ஒண்ணே ஒண்ணு மக்கா” என்று நீட்டுகிறார்கள். பாட் வருவதற்கு முன்பே சிகரெட்டை விட்டிருந்தவர், விடுமுறை முடிந்து திரும்பும்போது சிகரெட்டும் பாடும் இரண்டுமாகத் திரும்புகிறார். இந்த ஒன்றைத் தடுக்கத்தான் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

புறப்படுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். கருவியை மாற்றாமல் அடர்த்தியை மட்டும் ஒரு படி இறக்குங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு படி. படுக்கையறை, கழிப்பறை, வண்டி என்று ஒவ்வோர் இடமாகத் தடை போடுங்கள். எழுந்தவுடன் இழுப்பதைப் பதினைந்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு ஒரு மணி நேரம் என்று தள்ளிப் போடுங்கள். காலை இழுப்பைத் தள்ளிப்போட முடிந்தவர்களுக்கு மற்றவை எளிதாவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் இறங்கும்போது கையில் நிகோட்டின் கம் இருக்கட்டும். 2 மில்லிகிராம் கம் நம் மருந்துக்கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். எழுந்த அரை மணிக்குள் முதல் இழுப்பு தேவைப்படுகிறவருக்கு 4 தான் பொருத்தம் என்பதால், அவர்கள் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாடை மூட்டில் வலி உள்ளவர்கள் 2 மில்லிகிராம் கம்மையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கம்மை மென்று துப்பும் சூயிங் கம் போலப் பயன்படுத்தினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். “இது எனக்கு ஒத்துவரவில்லை” என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் மென்றிருப்பார்கள். மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்தது போன்ற காரமோ லேசான சுறுசுறுப்போ வாயில் தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் குறைந்ததும் மீண்டும் நாலு மெல்லு, பிறகு வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். நிகோட்டின் வாயின் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் பயனில்லை. காபி, சர்பத், குளிர்பானம் குடித்தால் வாயில் அமிலத்தன்மை ஏறி அது உறிஞ்சப்படாது. அதனால் கம்முக்குக் கால் மணி நேரம் முன்பும், கம் வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்து பன்னிரண்டு வாரத்தில் நிறுத்துவது வழக்கமான முறை. ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது.

தோலில் ஒட்டும் பேட்சும் உண்டு. 21, 14, 7 மில்லிகிராம் என்று இறங்கும். நாள் முழுவதும் சீராக நிகோட்டின் தருவதால் நாளெல்லாம் இழுத்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அது பொருந்தும். பேட்சோடு தேவைப்படும்போது கம் என்று மருத்துவர்கள் சேர்த்தும் கொடுக்கிறார்கள். வாரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் இருக்கின்றன. அவை மருத்துவர் பார்த்துத் தர வேண்டியவை. என்னிடம் சீட்டில்லாமல் கேட்டால் கொடுக்க மாட்டேன். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் புறநோயாளிகள் பிரிவில் “புகையிலைப் பழக்கத்தை விட ஆலோசனை வேண்டும்” என்று கேளுங்கள். வேப் (இ-சிகரெட்டின் இன்னொரு பெயர்) என்றால் புரியாமல் போகலாம். நிகோட்டின் என்று சொன்னால் புரியும்.

வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் சிகரெட் பெட்டியின் மீதே அந்த எண்ணை அச்சடித்திருக்கிறார்கள். அழைத்தால் ஆலோசகர் பேசுவார், விடும் நாளைக் குறித்துக்கொள்வார், பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் கடுமை. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, அடங்காத பசி எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். ஆகவே இறங்கிய முதல் மூன்று நாளில் கூட்டாளிகளின் கூட்டம் வேண்டாம். கல்யாண வீட்டு மாடியோ, கோட்டாறு சவேரியார் திருவிழாவோ, மண்டைக்காட்டுக் கொடையோ அந்த நாட்களில் வந்தால் குடும்பத்தோடு போய்க் குடும்பத்தோடு திரும்பிவிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். “மூன்று வருஷம் கழித்து வந்தவன் ஏன் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறான்” என்று அம்மா கலங்குவதை அது தடுக்கும். மனைவியிடம் சொன்னவர்கள் விடுமுறை முடியும் வரை தாக்குப்பிடிப்பதை நான் அதிகம் பார்க்கிறேன். வெட்கப்பட்டு மறைத்தவர்கள் இரவு பத்து மணிக்குக் கடைத்தெருவுக்கு வர ஏதாவது காரணம் தேடுகிறார்கள்.

திரும்பிப் போகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். ரூமில் விட்டுவந்த பாட் அங்கேயே காத்திருக்கும். புறப்படும் முன்பே அதை அப்புறப்படுத்திவிட்டு வாருங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். கம் பன்னிரண்டு வாரத்துக்கானது. விடுமுறை அதற்குள் முடிந்துவிடும். மீதிக் காலத்துக்கு அங்குள்ள மருந்தகத்தில் எங்கே கிடைக்கும் என்று முன்பே விசாரித்து வையுங்கள்.

எட்டாம் படி: பழைய கருவியை அப்புறப்படுத்துதல்

வளைகுடாவில் என்றால், மின்னணுக் கழிவு வாங்கும் பெட்டியில் போடுங்கள். பாடைத் தனியாகக் கழற்றி மூடிய உறையில் வையுங்கள். கருவியின் உலோகப் புள்ளிகள் மீது டேப் ஒட்டுங்கள்.

முன்பு எப்போதோ கொண்டுவந்து இங்கே வீட்டு அலமாரியில் கிடப்பதும் சிலரிடம் இருக்கும். அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள், இரண்டும் குற்றம். தென்னை மூட்டில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தும் வழக்கம் நம் ஊரில் உண்டு. லித்தியம் பேட்டரியைத் தீயில் போட்டால் வெடிக்கும். குளத்திலும் தோட்டிலும் எறிந்தால் நிகோட்டினும் உலோகமும் தண்ணீரில் கலக்கும். மின்னணுக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

மிச்சமிருக்கும் திரவக் குப்பியில் கூடுதல் கவனம் வேண்டும். பழ வாசனையும் இனிப்பும் இருப்பதால் குழந்தை வாயில் வைத்துவிடும். நிகோட்டின் தோல் வழியாகவும் ஏறும் என்பதால் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை விழுங்கியிருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அடர்த்தி எத்தனை, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத்தான்.